மலையிறங்கிப் போன நடிகர்கள்: உதகை நம்பியாரிலிருந்து கோத்தகிரி சாய் பல்லவி வரை

உதகை அருகே கேத்தி பக்கம் தேயிலைத் தோட்டத்து வளைவில் விடியுமுன் ஜெனரேட்டர் வண்டி வந்து நின்றால் போதும், யாரும் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிடும். ஏழு மணிக்குள் ரோட்டோரம் கூட்டம் சேரும். பதினொரு மணிக்குள் பாதிப் பேர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். பார்ப்பதற்கு அங்கே அதிகம் நடப்பதில்லை என்பதுதான் காரணம். குடைக்கடியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். லைட்மேன்கள் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தபடி நிற்பார்கள். "மேகம் போகட்டும் சார்" என்று ஒரு குரல் வரும். அரை மணி நேரம் கழித்து "ரெடி, டேக்" என்ற சத்தம், இருபது விநாடி நடிப்பு, பிறகு மறுபடியும் காத்திருப்பு. நாள் முழுக்க எடுத்தாலும் சினிமாவில் திரைக்குத் தேறுவது இரண்டு, மூன்று நிமிடம்தான்.

'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. கொடைக்கானலில் டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த குகைக்கு 1991-க்குப் பிறகு 'குணா குகை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் 46 கிலோமீட்டர் மலை ரயிலின் கூரையில் இந்திப் படம் ஒன்றுக்காக ஆடினார்கள், அந்தப் பாட்டை இன்றும் நாடு முழுக்கப் பார்க்கிறார்கள். இந்துநகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் பிலிமே தயாரானது. இவ்வளவு சினிமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தும், நடிப்பை முழுநேரப் பிழைப்பாகக் கொண்டு பெயர் வாங்கிய மலைக்காரர்கள் மிகக் குறைவு. ஷூட்டிங் மலைக்கு வரும், நடிகரின் தொழில் மலைக்கு வராது. வேடம் யாருக்கு என்பது முடிவாவதும், குரல் பதிவாவதும், சம்பளம் பேசப்படுவதும், அடுத்த படம் அமைவதும் எல்லாம் கீழே நடக்கிற காரியங்கள்.

இந்த மண்ணில் பிறந்தோ வளர்ந்தோ திரையில் நிலைத்தவர்கள் என்று இரண்டு பேரை எல்லோரும் சொல்வார்கள். ஒருவர் எம்.என். நம்பியார், இன்னொருவர் சாய் பல்லவி. இருவருக்கும் நடுவே எழுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இருவரும் இறங்கிப் போன வழியைப் பார்த்தால் நடிகர் எப்படி உருவாகிறார் என்பது விளங்கும்.

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919 மார்ச் 7-இல் மலபாரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தந்தை போய்விட, உதகையில் உறவினர் வீட்டுக்கு வந்து வளர்ந்தார், பள்ளிக்கூடம் போனதும் இங்கேதான். பதின்மூன்று வயது வாக்கில் நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய், அதில் 2 ரூபாய் அம்மாவுக்குப் போய்விடும் என்பார்கள்.

இப்படிப் பையன்களை வைத்து நடத்திய நாடகக் குழுவைக் குறிக்கும் 'பாய்ஸ் கம்பெனி' என்ற சொல் இன்றைக்குப் பழைய நினைவாகத்தான் காதில் விழுகிறது. அன்றைக்கு அதுதான் தமிழ்நாட்டின் நடிப்புப் பள்ளி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய சபையை ஒட்டி இப்படிப் பல குழுக்கள் கிளைத்தன. பையன்கள் குழுவோடேயே தங்குவார்கள், சாப்பாடும் துணியும் கம்பெனி தரும். விடியற்காலையில் குரல் சாதகம், பிறகு ஆர்மோனியத்தோடு பாட்டுப் பாடம், வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்யும் வசனப் பாடம், கத்திச் சண்டை, ஆட்டம். இரவு நாடகம் முடிந்து படுக்கும்போது நடுநிசி தாண்டிவிடும். தன் வேடத்தின் வசனம் மட்டும் தெரிந்தால் அங்கே போதாது. பக்கத்து வேடத்துக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அந்த வேடத்தையும் கட்டியாக வேண்டும். மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்கப் பழக வேண்டும், தொண்டையால் கத்தியவன் பத்தே நாளில் ஊமையாகிவிடுவான்.

அந்தப் பள்ளியின் பெரிய ஆபத்துக்கு மகரக்கட்டு என்று பெயர். பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குள் பையனின் குரல் உடையும். அதுவரை ராஜபார்ட்டோ (நாயகன் வேடம்) ஸ்திரீபார்ட்டோ (பெண் வேடம்) பாடிக் கைதட்டல் வாங்கியவன், ஒரே மாதத்தில் வேடமில்லாமல் ஓரத்துக்குத் தள்ளப்படுவான். பாட்டை மட்டும் நம்பியிருந்தவர்கள் பலர் அத்தோடு ஊர் திரும்பினார்கள். வசனத்திலும் உடம்பசைவிலும் கை தேர்ந்தவர்கள் தப்பித்தார்கள். அந்த வயதில்தான் நம்பியார் உள்ளே நுழைகிறார். பிற்காலத்தில் தமிழ்நாட்டையே மிரட்டிய அந்த அடிக்குரல், உடைந்து முடிந்த பிறகு பழக்கி எடுத்த குரல்.

1935-இல் அந்தக் குழுவின் 'பக்த ராமதாஸ்' நாடகம் சினிமாவானபோது நம்பியாரும் திரைக்கு வந்தார். அதற்குப் பிறகும் நாடகத்தை விடவில்லை. எஸ்.டி. சுந்தரம் எழுதிய 'கவியின் கனவு' நாடகத்தில் அவர் கட்டிய ராஜகுரு வேடம் பேர் வாங்கியது. 1947-இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி'யில் நம்பியார் நகைச்சுவைத் துணைவன். வில்லன் முத்திரை அவர் மீது விழுந்தது அதற்குப் பிறகுதான். 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் அவரே நாயகன், மாறுவேடம் மேல் மாறுவேடமாகப் போட்டுத் துப்பறியும் பாத்திரம். ஒரே படத்தில் நடை, குரல், கூன், கைத்தடி என்று இத்தனை மாற்றம் காட்ட முடிந்ததற்கு, நாடகக் கம்பெனியில் எல்லா வேடமும் பாடம் ஆன பழக்கம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம். அதே ஆண்டு 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவாக வந்தார். அதன் பிறகு தமிழ் சினிமா அவரை விடவே இல்லை.

வில்லன் வேலை எதுவென்று சரியாகப் புரிந்துகொண்டவர் அவர். நாயகனின் அடி எவ்வளவு பலமானது என்று ரசிகனுக்குச் சொல்வது நாயகன் கிடையாது, அடி வாங்குகிறவர். 1965-இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டை முதலில் நம்பியார் கையில் இருக்கிறது. முதல் பாதியில் அவர் அதை ஓங்கும்போது நமக்கு முதுகு கூசினால்தான், பிற்பாதியில் அது எம்.ஜி.ஆர். கைக்கு மாறும்போது கொட்டகை எழுந்து நிற்கும். அந்த முதல் பாதியை நம்பும்படி செய்தவருக்குச் சேர வேண்டிய பங்கைக் கைதட்டியவர்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, தாடையை லேசாக முன்னே தள்ளி, கண்ணை நாயகன் மீது வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுவார். கை தேய்ப்பது சும்மா வந்த பழக்கம் இல்லை. குளோசப்பில் முகம் அசையாமல் இருக்கும்போது, உள்ளே ஏதோ கொதிக்கிறது என்று காட்ட உடம்பில் ஓர் இடமாவது அசைய வேண்டும். மிகைபோலத் தெரிந்தாலும் அது அளந்து செய்த வேலை.

தொழில் கணக்கிலும் வில்லனுக்கு ஒரு வசதி உண்டு. படம் ஓடாவிட்டால் பழி நாயகன் மீது விழும். வில்லனுக்கு ஒரு படத்துக்குத் தேவைப்படும் நாட்கள் குறைவு, ஆகவே ஒரே சமயத்தில் பல படங்களுக்குக் கால்ஷீட் பிரித்துக் கொடுக்கலாம். தலை நரைத்தாலும் வேடம் குறையாது. இதற்கு அவர் கொடுத்த விலை, நேரில் பார்த்தவர்களும் பயந்து ஒதுங்கியதுதான். குடிக்காத, புகைக்காத, சைவச் சாப்பாட்டுக்காரர், ஆண்டு தவறாமல் சபரிமலைக்குக் கூட்டம் கூட்டிப்போன குருசாமி என்பதெல்லாம் ஊர் அறிய வெகுகாலம் ஆனது. 1982-இல் 'தூறல் நின்னு போச்சு' அவரை நல்ல மனிதராகவும் சிரிக்க வைப்பவராகவும் காட்டியபோது, பழைய பயமே அந்தச் சிரிப்புக்குப் பலம் சேர்த்தது. 2008 நவம்பர் 19-இல், கார்த்திகை பிறந்து மாலை போடும் நாட்களில், 89 வயதில் காலமானார்.

இப்படி மலையிலிருந்து கிளம்பியவர் உண்டு. கீழிருந்து மலைக்கு நடிக்க வருகிறவர்களின் சிரமத்தையும் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத வேலை அதில்தான் இருக்கிறது.

உதகை 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். முந்தின நாள் சென்னையில் இருந்தவரை, மறுநாள் காலை புல்வெளிச் சரிவில் ஓடி ஆடச் சொன்னால் மூன்றாவது டேக்கில் மூச்சு வாங்கும். வாயசைப்பு பாட்டோடு ஒட்டாமல் பின்தங்கும். அனுபவமுள்ள மேனேஜர் முதல் நாளைக்கு உட்கார்ந்து பேசும் காட்சிகளைப் போடுவார், பாட்டை மூன்றாம் நாளுக்குத் தள்ளுவார். கொண்டை ஊசி வளைவுகளில் வந்து குமட்டலோடு இறங்கும் நடிகருக்கும் அந்த ஒரு நாள் உதவும்.

அடுத்தது குளிர். டிசம்பர், ஜனவரி விடியலில் வாயைத் திறந்தாலே ஆவி பறக்கும். காட்சி குளிர்காலக் காலை என்றால் அழகுதான். ஆனால் அதே காட்சியின் மீதிப் பாதி முந்தின நாள் வெயிலில் எடுத்ததாக இருந்தால், ஒரு ஷாட்டில் ஆவி வரும், அடுத்ததில் வராது. இதற்குப் பழைய ஆட்கள் கைவசம் ஒரு வழி இருக்கிறது. ஷாட்டுக்கு முன்னால் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிவைத்து, "டேக்" என்றதும் துப்பிவிட்டுப் பேச வேண்டும். வாயின் உட்புறம் குளிர்ந்துபோனால் மூச்சுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைந்து ஆவி தெரியாது. ஐந்து டிகிரி குளிரில் ஐஸை வாயில் போட்டுக்கொண்டு காதல் வசனம் பேசுவது லேசான காரியம் இல்லை. நாக்கு மரத்துப் போகும், ழகரமும் றகரமும் குழறும், இரண்டு மூன்று வரிக்கு மேல் தாங்காது. அதனால் நீளமான வசனத்தைத் துண்டு துண்டாக உடைத்து எடுப்பார்கள். ஷாட்டுக்கு முன் சூடாகக் காபி குடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஆவி இரட்டிப்பாக வரும். புரொடக்‌ஷன் பாய் அன்போடு கிளாஸை நீட்டும்போது அனுபவஸ்தர் மறுப்பதற்குக் காரணம் இதுதான்.

நடிகைகளின் பாடு இன்னும் கடினம். நாயகன் கம்பளிக் கோட்டும் மப்ளரும் போட்டிருக்க, நாயகிக்கு மெல்லிய ஷிபான் புடவை என்ற வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இதை அழகியல் என்று சொல்லிக் கடந்துபோவது சரியில்லை. உடம்பு நடுங்கினால் தோள் மேலேறும், கழுத்து குறுகும், சிரிப்பு தாடையிலேயே நின்றுவிடும். எடுக்கிற படத்துக்கே அது நஷ்டம். தோல் நிறத்தில் உள்ளாடை, இடுப்பில் ஒட்டும் சூட்டுப் பட்டை, கட் சொன்ன அடுத்த நொடி கம்பளியோடு ஓடிவரும் உதவியாளர் என்று யூனிட்கள் சமாளிக்கின்றன. அந்தக் கம்பளியையும் ஜாக்கிரதையாகப் போர்த்த வேண்டும், இல்லையென்றால் புடவை மடிப்பு கலைந்து, ஒரு ஷாட்டும் அடுத்த ஷாட்டும் ஒத்துப்போகும் கண்டினியூட்டி போய்விடும்.

கண்டினியூட்டி என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் மலை நடிப்பின் பாதி இருக்கிறது. மதியம் இரண்டு மணி வாக்கில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவரும். பத்து நிமிடத்தில் எதிர்மலை காணாமல் போகும். யூனிட்டில் "மிஸ்ட் ஏறிடுச்சு, குளோஸ் போலாம்" என்பார்கள். தூரக் காட்சி எடுக்க முடியாதென்பதால் கேமராவை நடிகரின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். ஆகவே பெரிய உணர்ச்சி வெளிப்படும் குளோசப்புகள், காட்சியின் வரிசைக்கு முன்னாலோ பின்னாலோ எந்தத் தயாரிப்பும் இல்லாமல் நடிகரின் தலையில் விழும். காலையில் காட்சி முழுவதையும் சேர்த்து எடுத்த மாஸ்டர் ஷாட்டில் எந்த வார்த்தையில் தலையைத் திருப்பினோம், எந்தக் கையால் சால்வையை இழுத்தோம், முடி காதுக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் நடிகருக்கு நினைவிருக்க வேண்டும். உதவி இயக்குநரின் செல்போனில் படம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் தலை திரும்பிய வேகம் படத்தில் இருக்காது. மூட்டம் திடீரென்று விலகிவிட்டால் புகை போட்டு ஒப்பேற்றுவார்கள். புகை தொண்டையைக் கரகரக்க வைக்கும், கண்ணைச் சிவக்க வைக்கும். அந்தச் சிவப்பு அழுகைக் காட்சிக்கு உதவும், மற்ற காட்சிகளைக் கெடுக்கும்.

வெயிலை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். குளிர்ந்த காற்று வீசுவதால் சுடுவது உறைக்காது. மூன்று நாளில் மூக்கு நுனியும் கன்னமும் கறுத்துவிடும். பிறகு அதே காட்சியில் விட்டுப்போன துண்டுகளை, அதாவது பேட்ச் ஒர்க்கை, சென்னையில் செட் போட்டு எடுக்கும்போது நடிகரின் முகம் வேறு நிறத்தில் இருக்கும். மேக்கப்மேன் அன்று முழுக்க அதோடு போராடுவார். காலையில் சன்ஸ்கிரீன் ஒரு தரம் பூசினால் போதாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பூச வேண்டும், அதன் மேல்தான் மேக்கப். உதடு வெடித்தால் லிப்ஸ்டிக் கோடு கோடாகத் தெரியும் என்பதால் இரவு படுக்கும்போதே வாஸ்லின் தடவிக்கொள்வார்கள்.

காலம் பார்த்து வருவதும் முக்கியம். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் அவலாஞ்சியையும் நனைத்து எடுக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியையும் கொடைக்கானலையும் பிடிக்கும். சரிவுகள் இடிந்து மலைப்பாதை அடைபடும் நாட்களும் அதுவே. ஏப்ரல், மே மாதங்களில் வானம் ஒத்துழைத்தாலும் சுற்றுலாக் கூட்டம் விடாது. 2024 மே 7-இலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு உதகையிலும் கொடைக்கானலிலும் இ-பாஸ் வேண்டும் என்பதால் யூனிட் வண்டிகளுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. தெளிந்த வானமும் காலியான ரோடும் சேர்ந்து கிடைப்பது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான்.

இத்தனையும் பட்டு எடுத்த காட்சியின் குரல் பெரும்பாலும் மலையிலேயே பதிவாவதில்லை. காற்றும் ஜெனரேட்டரும் தோட்டத்து லாரியும் சேர்ந்து கெடுத்துவிடும். சில வாரம் கழித்துச் சென்னையில் ஏசி டப்பிங் அறையில், திரையில் தன் உதட்டைப் பார்த்துப் பேச வேண்டும். அங்கே தோற்கும் நடிகர்கள் நிறையப் பேர். மேடேறி மூச்சிரைத்தபடி சொன்ன வார்த்தையை நின்ற இடத்திலிருந்து சொன்னால், உதடு ஒட்டும், உடம்பு ஒட்டாது. விவரமானவர்கள் மைக் முன்னால் போகுமுன் அங்கேயே இருபது தோப்புக்கரணம் போடுவார்கள். குளிரில் பேசிய வசனத்துக்குத் தோளைக் குறுக்கி, பல்லைக் கொஞ்சம் நெருக்கிப் பேசுவார்கள். இந்தக் கடைசி வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ரசிகன் 'குளிருது' என்று உணர்வது இதனால்தான்.

தொலைக்காட்சித் தொடரின் கணக்கே வேறு. அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடக் கதை. தினசரித் தொடர் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு எடுத்துத் தள்ளினால்தான் ஒளிபரப்பு நிற்காமல் ஓடும். சினிமாவில் இரண்டு நிமிடம் எடுக்கும் நேரத்தில் இங்கே இருபது நிமிடம். அதனால் ஒத்திகை கிடையாது, வசனம் அன்று காலைதான் கைக்கு வரும், பல சமயம் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார். அவர் குரலைக் கேட்டுக்கொண்டே, கேட்காதவர்போல முகம் வைத்து, அரை விநாடி தள்ளிப் பேசுவது தனித் திறமை. சினிமாவிலிருந்து வருபவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். வேறு திசையில் பழக்கமும் கெடும். இப்படி வரி எடுத்துக் கொடுக்கும் ப்ராம்ப்டிங்கில் ஆண்டுக்கணக்காக ஊறியவருக்கு எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கம் போய்விடும், பார்வை எப்போதும் கேமராவின் பக்கவாட்டைத் தேடும். தொடரிலிருந்து பெரிய திரைக்குப் போகிறவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். மலைக்குத் தொடர்கள் வருவது, கதையில் தேனிலவோ கடத்தலோ வரும் சில நாட்களுக்கு மட்டும்.

தொலைக்காட்சிக்கும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கும் உள்ள பழைய உறவு ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. எண்பதுகளில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வருவதற்கு முன், தென் மாவட்டங்களில் ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினிதான் பார்த்தார்கள். கோபுரம் வந்த பிறகே மதுரை, நெல்லை வீடுகளுக்குள் சென்னைத் தொலைக்காட்சியின் நாடக நடிகர்கள் நுழைந்தார்கள்.

பாய்ஸ் கம்பெனி ஒரு காலத்தில் செய்த வேலையைப் பிற்காலத்தில் தொலைக்காட்சிப் போட்டிகள் எடுத்துக்கொண்டன. சாய் பல்லவி 1992 மே 9-இல் கோத்தகிரியில், படுகர் குடும்பத்தில் பிறந்தவர், வளர்ந்தது கோயம்புத்தூரில். திரைப்படங்களில் சிறு வேடங்களில் தலைகாட்டியிருந்தாலும், ஆடத் தெரிந்த பெண் என்று அவரை வெளியே காட்டியது 2008-இல் விஜய் டிவியின் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா', அடுத்து தெலுங்கில் ஈடிவியின் 'டீ' நிகழ்ச்சி. உடனே கதாநாயகி ஆகிவிடவில்லை. ஜார்ஜியாவின் திபிலிசிக்குப் போய் மருத்துவம் படித்தார். படிப்புக்கு நடுவில் 2015-இல் மலையாளத்தில் 'பிரேமம்' வந்தது. போட்டி மேடைக்கும் முதல் பெரிய வேடத்துக்கும் இடையே ஆறேழு ஆண்டுகள். இந்த இடைவெளியை மறந்துவிட்டு, ரியாலிட்டி ஷோவில் வந்தால் மறுநாளே சினிமா என்று நினைத்துப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தும் பெற்றோர் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. கையில் வேறொரு படிப்பு இருந்தவருக்கு, வந்த வேடத்தையெல்லாம் ஒப்புக்கொண்டாக வேண்டிய அவசரம் இருக்காது.

'பிரேமம்' படத்தில் மலர் டீச்சர் கன்னத்துப் பருக்களோடு, அதிக மேக்கப் இல்லாமல் வந்தார். தோலின் அசைவு தெரிந்ததால் முகம் சிவப்பதும் தெரிந்தது, வெட்கத்தைத் தனியாக நடித்துக் காட்ட வேண்டிய தேவை குறைந்தது. 2017-இல் தெலுங்கின் 'ஃபிதா'வுக்குத் தெலங்கானா வட்டார வழக்கில் தானே குரல் கொடுத்தார். வேற்று மொழிக்கு டப்பிங் கலைஞரை வைத்துக்கொள்வது நாயகிகளிடையே சாதாரணமாக இருந்த துறையில், இது அவர் எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது. குரலை இன்னொருவர் தந்தால் பாதி நடிப்பு அவருடையதாகிவிடும். படுகும் தமிழும் கன்னடமும் மலையாளமும் ஒரே சந்தையில் கேட்கும் நீலகிரியில் பிறந்தவர்களுக்கு வேற்று மொழி ஓசை காதில் படிவது எளிது, அது ஒரு சொத்து. 2022-இன் 'கார்கி'யில் ஆட்டமும் இல்லை, காதல் நாயகியின் பளபளப்பும் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியையின் அடக்கிவைத்த முகத்தாலேயே படம் நகர்ந்தது. 2024-இன் 'அமரன்' வரை இந்த அடக்கம் தொடர்கிறது.

நம்பியாருக்குக் கம்பெனி கொடுத்ததையும் சாய் பல்லவிக்கு மேடை ஆட்டம் கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் கேமராவுக்கு முன்னால் வருமுன்பே கிடைத்த உடம்புப் பயிற்சி. மலையில் நடக்கும் ஷூட்டிங்கில் அட்மாஸ்பியராக, அதாவது பின்னணிக் கூட்டத்தில் ஒருவராக, நிற்பதில் அது கிடைக்காது. தோட்டத்துப் பெண்கள், சந்தைக் கூட்டம், பஸ் பயணிகள் என்று பின்னணியில் நடக்க உள்ளூர் ஆட்களை எடுப்பார்கள். கொஞ்சம் வசதியான தோற்றம் என்றால் 'ரிச் பாய்', 'ரிச் கேர்ள்' என்ற வகை. ஏஜென்ட் ஆளைத் திரட்டுவார், அன்றைய கூலியில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். தொகையை வண்டி ஏறுமுன் பேசிவைக்காவிட்டால், பேக்கப் சொன்ன பிறகு இருட்டில் நின்று தகராறு செய்ய வேண்டிவரும். ஒரு நாள் நின்று பார்ப்பதில் தொழிலின் ஒழுங்கு புரியும், அதற்காகப் போகலாம். கேமராவைப் பார்க்காமல் நடப்பது, ஒன் மோர் என்றால் அதே காலடியிலிருந்து அதே வேகத்தில் மறுபடி நடப்பது, இந்த இரண்டும் கற்றுக்கொள்ள வேண்டியவை. ஆனால் பத்துப் படத்தில் பின்னணியில் நின்றவருக்குப் பதினோராவது படத்தில் வசனம் கிடைக்கும் என்று இந்தத் துறையில் எந்தக் கணக்கும் இல்லை.

வேடம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். பதிவுக் கட்டணம், போட்டோ ஷூட் கட்டணம், நடிகர் சங்கக் கார்டு வாங்கித் தரும் கட்டணம் என்று பெயர் மாறும், சங்கதி ஒன்றுதான். நடிகருக்குப் பணம் கொடுப்பதுதான் கம்பெனியின் வேலை. சங்க உறுப்பினராவதற்கு என்ன விதி, என்ன கட்டணம் என்பதைச் சென்னையில் அந்தச் சங்க அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

ஆடிஷனுக்குப் போகிறவர்கள் இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரலில் இறங்கலாம். கொடைக்கானல்காரர்களுக்குக் கொடை ரோடு ஸ்டேஷன். மழைக்காலத்தில் ஒரு நாள் முன்னதாகவே மலையிறங்கிவிட வேண்டும், மண்சரிவு ஆடிஷன் தேதி பார்த்து வராது. சென்னைக்காரருக்கு இங்கே குளிர் செய்வதை, மலைக்காரருக்கு அங்கே புழுக்கம் செய்யும். முகம் வழியும், சட்டை ஒட்டும், தலை கிறுகிறுக்கும். உடம்பு வெக்கைக்குப் பழக பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். வேடம் உறுதியானால் இரண்டு வாரம் முன்பே கீழே போய்த் தங்குவது நடிப்பிலேயே தெரியும்.

இப்போது முதல் தேர்வு பெரும்பாலும் செல்போன் வீடியோவில் நடந்துவிடுகிறது. அதற்கு மலை வீடு உண்மையில் நல்ல இடம். மூட்டமான நாளில் ஜன்னல் வழியே வரும் ஒளி நிழல் விழாமல் பரவும், சென்னை ஸ்டூடியோவில் துணி கட்டி உண்டாக்குகிற ஒளி அது. ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டி நிற்க வேண்டும். போனைக் கண் மட்டத்தில், படுக்கை வசத்தில், அசையாமல் வைக்க வேண்டும். பெயர், வயது, உயரம், பேசும் மொழிகள் சொல்லி, இரண்டு பக்கவாட்டு முகமும் காட்டிவிட்டு, ஒரு நிமிடத்துக்கு மிகாமல் நடித்தால் போதும். மொழிகளில் படுகு தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். எதிர் வசனம் பேசுகிறவர் போனுக்கு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும், அப்போதுதான் பார்வை சரியான இடத்தில் விழும். அவர் குரல் உங்கள் குரலைவிடச் சன்னமாக இருக்கட்டும். காலை பத்து மணிக்குள் எடுத்து முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் உங்கள் வசனம் ஒன்றும் கேட்காது.